அணுப்படையும் இலங்கையும்

1945 ஆம் ஆண்டில் இரோசிமா, நாகசாகி என்னும் இரு நகரங்கள் அணுகுண்டால் நீறாயின. அக்கருவியை அறவே விலக்கவேண்டும் என்னும் குரலைப் பின்னாளில் ஓங்கி எழுப்பியவை பெரும்பாலும் சிறு நாடுகளே. நம் தென்கடற்கு அப்பால் உள்ள இலங்கை அவற்றுள் ஒன்று.

இந்துமாக்கடலை அமைதி மண்டலமாக்குக என அந்நாடு 1971 இல் ஐக்கிய நாடுகள் சபையில் வேண்டிற்று. சபை ஏற்றது, அமெரிக்காவும் சோவியத்து நாடும் வாக்களியாது ஒதுங்கின. கப்பற்படை உடையோர் ஒதுங்கியபின் அத்தீர்மானம் ஏட்டளவில் நின்றதில் வியப்பில்லை.

இலங்கையர் வீரமந்திரி, ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் நடுவராய் விளங்கியவர். அணுப்படை வழங்குதல் முறையோ என்னும் வினாவிற்கு அம்மன்றம் 1996 இல் விடை கூறிற்று. பொதுவாக அது முறைகேடே. ஆயின், நாடு அழியும் தறுவாயில் தற்காப்பிற்கு வழங்கலாமோ என்பதில் முடிவு கூற இயலாது என்றது. நடுவர் ஏழும் ஏழுமாகப் பிரிந்தமையின், தலைவரின் முடிவு வாக்கால் இவ்விடை நிலைபெற்றது. வீரமந்திரி உடன்படவில்லை. எந்நிலையிலும் ஆகாது என எதிருரை வரைந்தார். குலமுழுதும் அழிக்கும் கணையை விடாதே என இராமன் இலக்குவனைத் தடுத்தமையையும், அருச்சுனன் பாசுபதத்தை விடாது போர் செய்தமையையும் அதில் எடுத்துக்காட்டினார். நம் பாட்டிமார் கூறும் கதைகள் உலக மன்றத்தில் சட்டச் சான்றாய் ஏறியது சிறு செய்தியன்று.

2017 இல் 122 நாடுகளின் வாக்கால் அணுப்படைத் தடை உடன்படிக்கை தோன்றியது. 2021 சனவரி 22 இல் நடைமுறைக்கு வந்தது. அணுப்படை உடைய நாடு ஒன்றும் அதிற் சேரவில்லை; நம் நாடும் சேரவில்லை. இலங்கை 2023 செப்டம்பர் 19 ஆம் நாள் சேர்ந்தது. பிறர் அணுப்படையைத் தன் மண்ணில் நிறுத்த இடங்கொடுத்தலும் அவ்வுடன்படிக்கையால் விலக்கப்பட்டது. திருகோணமலை போன்ற ஆழ்ந்த இயற்கைத் துறைமுகம் உடைய நாடு அது.