நம் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு: இலவசமாகப் படிப்பது எப்படி?

நெரவியில் உங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலோரப் பக்கம், தண்ணீரில் உப்பு. இந்தச் சம்பாவுக்கு எந்த நெல் தாங்கும் என்று மொபைலில் தேடுகிறீர்கள். சரியான ஆய்வுக் கட்டுரையே கிடைக்கிறது. ஆனால் சுருக்கம் மட்டும்தான் தெரியுது. முழுசா படிக்கணும்னா டாலரில் பணம் கேட்குது. விதை வாங்க நாளும் நெருங்குது.

"அரசாங்கக் காசுல நடந்த ஆராய்ச்சிக்கு நாம எதுக்குங்க மறுபடி காசு கட்டணும்?" நியாயமான கேள்வி. இதற்கு விதி இருக்கிறது.

விதி என்ன?

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லும், மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலும் திறந்த அணுகல் கொள்கையை வெளியிட்டன. இந்த இரு துறைகளின் கொள்கைப்படி, 2012–13 முதல் பெற்ற நிதியில் எழுதிய கட்டுரையை, இதழ் ஏற்றுக்கொண்ட இரண்டு வாரத்துக்குள் இணையக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். பதிப்பாளர் காத்திருப்புக் காலம் கேட்டாலும் அது ஓராண்டைத் தாண்டக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

1. கட்டுரைத் தலைப்பை அப்படியே நகலெடுத்து கூகுள் ஸ்காலரில் போடுங்கள். முடிவின் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைத் தட்டுங்கள். இலவசப் பிரதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.
2. வேளாண்மை என்றால் 'கிருஷிகோஷ்' தளத்திலும், முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் 'ஷோத்கங்கா' தளத்திலும் தேடுங்கள்.
3. அங்கும் இல்லையா? சுருக்கப் பக்கத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். "ஐயா/அம்மா, நான் காரைக்கால் மாவட்ட விவசாயி. தங்கள் கட்டுரையின் ஏற்கப்பட்ட பிரதியை அனுப்பி உதவவும்" என்று இரண்டு வரி எழுதுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

படித்ததை உடனே வயலில் இறக்கிவிடாதீர்கள். ஆய்வு நடந்த மண் வேறு, உங்கள் மண் வேறு. வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.

வீட்டில் ஆய்வு மாணவர் இருக்கிறாரா?

அப்படியென்றால் இதை அவரிடம் காட்டுங்கள். பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்: எந்தப் பிரதியை ஏற்றுவது? இதழ் அச்சுக்கோத்து வடிவமைத்த பிடிஎஃப் பதிப்பாளருடையது. அனுமதி இல்லாமல் ஏற்றினால் சிக்கல். நடுவர்கள் சொன்ன திருத்தம் முடிந்து, இதழ் ஏற்றுக்கொண்ட உங்கள் சொந்தக் கோப்புதான் விதி கேட்பது. ஆகவே:

• ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனியே சேமியுங்கள்.
• நிதி தந்த துறையின் பெயரையும் திட்ட எண்ணையும் கட்டுரையில் தவறாமல் எழுதுங்கள்.
• காத்திருப்புக் காலம் இருந்தாலும் கோப்பை இப்போதே ஏற்றிவிடுங்கள். திறக்கும் தேதியை மட்டும் தள்ளி வைக்கலாம்.
• இதற்காகப் பணம் கட்டி வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை.

"அதான் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துடுச்சே?" என்று சிலர் கேட்கலாம். 2025-ல் தொடங்கிய அந்தத் திட்டம் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு. வயலில் நிற்கும் உங்களுக்குக் கதவைத் திறப்பது, ஆய்வாளர் ஏற்றிவைக்கும் அந்த ஒரு கோப்புதான்.