பேரிஜத்தில் கூடாரம் போடலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு பேரிஜம் ஏரிக்குப் போய், கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்க முடியுமா?

பதில்: முடியாது. பேரிஜம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் தரும் தேக்கமும் அதுதான். கொடைக்கானல் வனத்துறையிடம் அனுமதி வாங்கிப் பகலில் பார்த்துத் திரும்பலாம். யானை நடமாட்டம் இருந்தால் அதற்கும் தடை போடுவார்கள். கொடைக்கானலுக்கே 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அனுமதியில்லாத கூடாரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தயவுசெய்து வேண்டாம். கொடைக்கானல் ஊருக்குள் விடுதியில் தங்குங்கள். மதுரையைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் என்பதால் வெப்பம் 12, 13 டிகிரி குறையும். பிள்ளைகளுக்குக் காது மூடும் குல்லா, மாற்றுக் காலுறை கட்டாயம் எடுங்கள். காலைப் புல்லில் நாலடி நடந்தாலே பனி ஈரம் ஷூவுக்குள் இறங்கிவிடும்.