கிள்ளானில் ஒயின் சேர்க்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

1. முதலில் குளிருக்கு இடம் பாருங்கள், போத்தல் பிறகு. பிரான்சில் நிலவறை மண்ணே 12, 13 டிகிரியில் வைத்துக்கொள்ளும். இங்கே பகல் 32ஐத் தொடும். இரவும் 24ஐ ஒட்டியே நிற்கும். கிள்ளான் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருட்டாக இருக்கிறதே என்று நம்பி, ஆறு போத்தல் போர்தோ ஒயினை இரண்டு வருடம் படுக்கவைத்தேன். தக்கை வெளியே தள்ளி, கழுத்தெல்லாம் பிசுபிசுத்தது. திறந்தால் கொதித்த பழப்பாகு வாசம். ஆறையும் தொட்டியில் கொட்டினேன். அந்த வருத்தம் உங்களுக்கு வர வேண்டாம்.

2. ஒயின் பெட்டி வாங்கினால் கம்ப்ரசர் உள்ளதாக வாங்குங்கள். தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி விலை குறைவுதான். ஆனால் அறை 30 டிகிரியில் இருந்தால் 13க்கு இறங்கத் திணறும். சமையலறை ஐஸ் பெட்டியில் வருடக்கணக்கில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் ஒயின் முதிர்வதே இல்லை எனலாம், தக்கையும் காய்ந்துபோகும்.

3. மலேசியாவில் 2016 மார்ச் முதல் ஒயினுக்குக் கலால் வரி ஆல்கஹாலின் அளவை வைத்துத்தான், விலையை வைத்து அல்ல. 40 வெள்ளி போத்தலும் 140 வெள்ளி போத்தலும் ஒரே வீரியம் என்றால் கலால் ஒன்றே. அப்படியானால் 40 வெள்ளியில் திராட்சைக்கு எவ்வளவு போயிருக்கும், கணக்குப் போடுங்கள். மூன்று மலிவு போத்தல் வாங்கும் காசில் ஒரு நல்லதை வாங்குங்கள்.

4. வைத்திருக்கத் தகுந்தது எது? டானின் தரும் துவர்ப்பும் புளிப்பும் பழமும் சேர்ந்திருக்க வேண்டும். தே-ஓ அதிகம் ஊறினால் ஈறைப் பிடிக்குமே, அதுவும் டானின்தான். ஒரு போத்தல் திறந்து பாதியைக் குடியுங்கள், மீதியை மூடி ஐஸ் பெட்டியில் வையுங்கள். மறுநாள் இன்னும் நன்றாக இருந்தால் அதே ஒயினில் மேலும் ஐந்து வாங்கலாம். தட்டையாகிவிட்டால் விட்டுவிடுங்கள். எந்த நிபுணர் தரும் மதிப்பெண்ணையும்விட இந்தச் சோதனையை நான் நம்புகிறேன்.

5. போர்தோவின் பெரிய பெயர்களை விடுங்கள்; 2016, 2019 அறுவடையின் குரு பூர்ஷ்வா என்ற தரப்பெயருள்ள போத்தல்களைத் தேடுங்கள். தென்மேற்கு பிரான்சின் மதிரான் ஒயின் கொஞ்சம் முரடுதான், ஆனால் பொறுத்தால் பணியும். ஆஸ்திரேலியாவின் கூனவாரா கேபர்நே நல்லது; திருகுமூடி போட்டிருந்தாலும் தயங்க வேண்டாம். என் முதல் தேர்வு ஸ்பெயினின் ரியோஹா ரிசர்வா. சட்டப்படி மூன்று ஆண்டு, அதில் ஓராண்டாவது மரப்பீப்பாயில், கிடந்துதான் கடைக்கு வரும். காத்திருப்பில் ஒரு பங்கைப் பண்ணையே முடித்துத் தந்துவிடுகிறது.

6. பிரிக்பீல்ட்ஸ் கடையானாலும் பேரங்காடியானாலும், விளக்குச் சூட்டில் நிற்கும் போத்தலைத் தொடாதீர்கள். போர்ட் கிள்ளானுக்குக் குளிர்கொள்கலனில் வந்ததா என்று கேளுங்கள். பதில் தெரிந்த கடைக்காரரிடமே வாங்குங்கள்.

7. வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வருடம் ஒவ்வொன்றாகத் திறவுங்கள்.

8. திறப்பதற்கு முதல்நாளே போத்தலை நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் ஆட்டுக்கறிப் பிரட்டல் அடுப்பில் இருக்கும்போதே திறந்து, வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகக் குடுவைக்கு மாற்றுங்கள். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.