கிளட்ச் மிதி இல்லாத கார்: பழுதும் செலவும்



பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதற்பாடத்தில் விசையின் திருப்புத் திறன் பற்றிப் படிக்கிறோம். கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் கடினம்; கைப்பிடிக்கு அருகில் தள்ளினால் எளிது. தேர்வில் எழுதிவிட்டு நாம் மறந்துவிடும் இந்தத் திருப்புத் திறனைப் பெருக்கித் தருவதற்கென்றே தானியங்கிக் கார்களில் ஒரு கருவி உண்டு. பாடநூல் தமிழில் அதனைத் திருப்புவிசை மாற்றி எனலாம். மெக்கானிக்குகள் டார்க் கன்வெர்ட்டர் என்பர். அது பழுதுபட்டால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும்.

"பெண்பிள்ளைகளுக்குக் கார் பழுது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் அன்னையரிலும் அக்காமாரிலும் பலர் இன்று கார் ஓட்டுகின்றனர். கிளட்ச் மிதி இல்லாத கார் எளிது என்று அதனையே விரும்புவோரும் உளர். பழுது நேர்ந்தால் செலவு மதிப்பீட்டுத் தாள் அவர்கள் கையில்தான் நீட்டப்படும். அதைப் புரிந்துகொள்ளாதவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். ஆகவே இக்கட்டுரை.

இரண்டு மின்விசிறிகள்

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிராக வையுங்கள். ஒன்றை மட்டும் சுழல விடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் அதுவே டார்க் கன்வெர்ட்டர். பெரிய உளுந்து வடை போன்ற உருவில், எஃகுத் தகட்டால் மூடிப் பற்றவைக்கப்பட்ட கூடு அது. உள்ளே ஒரு சக்கரம் என்ஜினோடு சுழன்று எண்ணெயை வீசுகிறது. எதிரிலுள்ள சக்கரம் அவ்வெண்ணெயால் சுழன்று கியர்பெட்டியை இயக்குகிறது. இரண்டிற்கும் நடுவில், சைக்கிளின் ஃப்ரீவீல் போல ஒரு பக்கம் மட்டுமே சுழலும் மூன்றாவது சக்கரம் உள்ளது. திரும்பி வரும் எண்ணெயை அது சரியான திசையில் திருப்பி விடுவதால், கார் கிளம்பும் வேளையில் திருப்புத் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. பரங்கிமலைத் திருத்தலத்துக்கு ஏறும் சாலையில் தானியங்கிக் கார் திணறாமல் கிளம்புவது இதனாலேயே.

சமமான சாலையில் சீரான வேகம் வந்ததும், எண்ணெயின் வழியே சக்தி வீணாகாதபடி இரு பக்கத்தையும் இறுகப் பிணைக்கும் ஒரு பூட்டுக் கிளட்சும் உள்ளே உண்டு.

இக்கருவியைக் கண்டவர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர். கப்பலின் நீராவிச் சுழலி வேகமாகச் சுழலும். அதன் உந்துவிசிறியோ மெதுவாகச் சுழல வேண்டும். இரண்டையும் இணைப்பதற்காக அவர் 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். கடலில் பிறந்த கருவி பின்னர் சாலைக்கு வந்தது.

நம் பகுதியிலும் இதற்கு உறவு உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில் உருவான ஈக்கோஸ்போர்ட் காரின் தானியங்கி வகை, முதலில் இரட்டைக் கிளட்ச் முறையில் வந்து, 2017இல் டார்க் கன்வெர்ட்டர் முறைக்கு மாறியது. அக்கார்களின் உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. ஒரகடத்தில் உள்ள அலிசன் தொழிற்சாலை லாரி, பேருந்துகளுக்கான தானியங்கிக் கியர்பெட்டிகளைச் செய்கிறது.

எல்லாத் தானியங்கிக் கார்களிலும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2014இல் மாருதி செலிரியோவில் வந்த ஏ.எம்.டி. முறையில் இருப்பது சாதாரணக் கிளட்ச். அதை இயக்கும் வேலையை மட்டும் கால்களுக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. எனவே நம் வீட்டுக் கார் எந்த வகை என்று அறிவதே முதற்படி.

நோயின் அறிகுறிகள்

ஒரே வேகத்தில் செல்லும்போது, சாலையில் வரிசையாகச் சிறு மேடுகள் இருப்பது போல் கார் அதிர்ந்தால், பூட்டுக் கிளட்சின் உராய்வுப் பட்டை தேய்ந்திருக்கலாம். என்ஜின் நன்றாக இருந்தும் கார் கிளம்பச் சோம்பினால், நடுச் சக்கரத்தின் ஒருவழிப் பிடி நழுவியிருக்கலாம். கியரில் போட்டதும் உள்ளிருந்து முனகலோ உரசலோ கேட்டால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டினால் சீல் தேய்ந்திருக்கலாம்.

இவற்றுள் பலவற்றுக்குத் தாய் வெப்பம்தான். எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் அது மிகச் சூடேறியிருக்கிறது என்று பொருள். பண்டிகைக் காலத்தில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலை நாம் அறிவோம். மேம்பாலச் சரிவில் நிற்க நேரும்போது, சிலர் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திக் காரைப் பின்னே நழுவாமல் பிடிப்பர். அப்போது ஒரு சக்கரம் சுழல, மற்றது அசையாமல் நிற்க, அந்தச் சக்தி முழுவதும் வெப்பமாக எண்ணெயில் இறங்குகிறது. பிரேக்கை மிதித்து நிற்பதே முறை.

தாம்பரமும் தண்ணீரும்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் புறநகர் நீரில் நின்றது. மனித உயிருக்கு முன் கார் பெரிதன்று. ஆயினும் கடன் வாங்கி வாங்கிய கார் மூழ்குவது ஒரு குடும்பத்துக்குச் சிறு துன்பமும் அன்று.

கியர்பெட்டி மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. வெள்ளம் அதன் வழியே உள்ளே போகலாம். அப்போது சிவந்த எண்ணெய் ரோஸ் மில்க் நிறம் கொள்ளும். உராய்வுப் பட்டைகள் பசையால் ஒட்டப்பட்டவை. நீர் அந்தப் பசையை இளக்கிவிடும். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாமல், எண்ணெயின் நிறத்தை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இழுத்துச் செல்வதிலும் கவனம் தேவை. பெரும்பாலான இத்தகைய கார்களில் எண்ணெயை எங்கும் அனுப்பும் பம்ப் டார்க் கன்வெர்ட்டரோடு சேர்ந்தே சுழல்கிறது. என்ஜின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது; பம்ப் ஓடாவிட்டால் எண்ணெய் பாயாது. என்ஜின் இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுத்தால், கியர்பெட்டி வறண்டு தேயும். காரை முழுவதுமாக வண்டியில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு.

செலவுக் கணக்கு

பழுதுச் செலவு மூன்று படிகளில் அமைகிறது. எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுவது சில ஆயிரங்களில் முடியும். டார்க் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றவோ செப்பனிடவோ, அதை எட்டுவதற்கே கியர்பெட்டி முழுவதையும் இறக்க வேண்டும். எனவே கூலியும் சேர்ந்து செலவு பல பத்தாயிரங்களுக்குப் போகும். முழுக் கியர்பெட்டியையும் மாற்றினால் இலட்சத்தைத் தாண்டும். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. என்றால் சாலை, மதிப்பீட்டுத் தாளிலோ அது வரி! உதிரிப் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 விழுக்காடு.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் காரில் அதிர்வு தோன்றியது. ஒரு பணிமனையில் எண்ணெயைக்கூடப் பாராமல், கியர்பெட்டியையே மாற்ற வேண்டும் என்றனர். ஓய்வூதியத்தில் வாழும் அவர் கலங்கிப் போனார். வேறொரு மெக்கானிக் எண்ணெயைச் சோதித்தார். நிறம் கறுத்திருந்தது, இரும்புத் துகள் இல்லை. டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றி, லேத்தில் கூட்டைப் பிளந்து, பட்டையும் சீலும் மாற்றி, மீண்டும் பற்றவைத்து, சமநிலை பார்த்துப் பொருத்தினர். முதலில் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

எல்லாருக்கும் இப்படியே அமையும் என்று சொல்ல முடியாது. தேய்ந்த துகள்கள் எண்ணெயோடு கலந்து கியர்பெட்டி முழுவதும் பரவியிருந்தால் பெரிய செலவு உண்மையிலேயே தேவைப்படும். ஆகையால் பணம் கொடுக்குமுன் நான்கு கேள்விகள் கேட்போம்:

1. எண்ணெயின் நிறத்தையும் அதில் துகள் உண்டா என்பதையும் எனக்குக் காட்டினீர்களா?

2. கணினிச் சோதனையில் என்ன பிழை காட்டியது?

3. பழுது டார்க் கன்வெர்ட்டரில் மட்டுமா, கியர்பெட்டியிலுமா?

4. எண்ணெய்க் குளிர்விப்பானைக் கழுவுவீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. குளிர்விப்பானில் தங்கிய பழைய துகள், புதிதாகப் போட்ட பாகத்தையும் கெடுத்துவிடும்.

தோழியரே, திருப்புத் திறன் பாடத்தைப் படிக்கும்போது வீட்டுக் காரையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காரோடு வந்த கையேட்டில் கியர்பெட்டி எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்று குறித்திருக்கும். இன்று மாலை அப்பக்கத்தைத் தேடி எடுத்து உங்கள் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவு.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு