வீட்டுக் கணிதம்: ஜவெல் நீரும் விகிதமும்

துப்புரவுக்குப் பயன்படும் குளோரின் வெளுப்பு நீர் மொன்றியலில் ‘ஜவெல் நீர்’ எனப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரின் ஜவெல் பகுதியில் உற்பத்தியானதால் இப்பெயர் நிலைத்தது. செறிவு மிகுந்தால் அது தோலையும் கண்ணையும் மூச்சுக்குழாயையும் பாதிக்கும். குறைந்தால் கிருமிகள் அழியமாட்டா. எனவே பிள்ளைகள் பாடசாலையில் கற்கும் விகிதக் கணக்கு, வீட்டில் உடல்நலக் கணக்காகிறது.

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், முதலில் சவர்க்காரத்தால் கழுவிய மேற்பரப்புகளுக்குக் கனடா அரசு அறிவுறுத்திய அளவு: 5 சதவீத ஜவெல் நீர், லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். கலவையின் செறிவு 0.1 சதவீதம்.

கணக்கு 1: போத்தலில் 5 சதவீதம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. 0.1 சதவீதச் செறிவுள்ள 5 லீற்றர் கலவைக்கு எவ்வளவு ஜவெல் நீர் தேவை?

கலவையில் இருக்கவேண்டிய வேதிப்பொருள்: 5000 × 0.1 ÷ 100 = 5 அலகு.
அதனைத் தரும் ஜவெல் நீர்: 5 × 100 ÷ 5 = 100 மில்லிலீற்றர்.
சேர்க்கவேண்டிய நீர்: 5000 − 100 = 4900 மில்லிலீற்றர்.
விகிதம்: 100 : 4900 = 1 : 49.

இங்கு பலரும் தவறுவதுண்டு. 1 : 49 என்பது 49 பங்கில் ஒன்றன்று; 1 + 49 = 50 பங்கில் ஒன்று. ஆகவே 5000ஐ 50 ஆல் வகுக்கவேண்டும், 49 ஆல் அன்று.

கணக்கு 2: புதிய போத்தலில் 10 சதவீதம் என உள்ளது. வாளி அதே 5 லீற்றர். தேவையான வேதிப்பொருள் மாறவில்லை; 5 × 100 ÷ 10 = 50 மில்லிலீற்றர் போதும். நீர் 4950, விகிதம் 1 : 99. பழைய நினைவில் 100 மில்லிலீற்றர் ஊற்றினால் செறிவு 0.2 சதவீதமாகி இரட்டிக்கும். விகிதம் கரண்டியைப் பொறுத்ததன்று. போத்தலின் செறிவைப் பொறுத்தது.

பயிற்சி: 6 சதவீதப் போத்தலிலிருந்து அதே செறிவில் 3 லீற்றர் கலவை தயாரிக்க எவ்வளவு ஊற்றவேண்டும்? (விடை: 50 மில்லிலீற்றர்; நீர் 2950.)

போத்தலில் வேறு அறிவுறுத்தல் இருப்பின் அதனையே பின்பற்றவேண்டும். ஜவெல் நீரை வினாகிரியுடனோ அமோனியா கலந்த துப்புரவுப் பொருளுடனோ எவ்விகிதத்திலும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும். கலக்கும்போது கையுறை அணிந்து, சாளரத்தைத் திறந்துவைத்தல் வேண்டும். மிகுதியைக் குடிநீர்ப் போத்தலில் சேமித்தலாகாது.

நச்சுப் பாதிப்பு ஏற்பட்டதாக ஐயமிருப்பின் கியூபெக் நச்சுத் தடுப்பு நிலையத்தை 1 800 463-5060 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மூச்சுத்திணறலோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே 911ஐ அழைக்கவேண்டும்.