உளஅளவியலா, அறிவாற்றல் அறிவியலா, இயந்திரக் கற்றலா?

52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 25 என்று எழுதும். கடன் வாங்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்ததால் வந்த விடை. குழந்தையின் மனதில் எந்த விதி ஓடியது என்று தேடுவது அறிவாற்றல் அறிவியல்; ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் இத்தகைய தவறுகளைக் கணினி மாதிரியாகவே எழுதிக் காட்டினார்கள். கணக்கின் கடினத்தையும் குழந்தையின் திறனையும் ஒரே அளவுகோலில் வைக்கப் பார்ப்பது உளஅளவியல். அடுத்த கணக்கைச் சரியாகப் போடுமா என்று கணிப்பது இயந்திரக் கற்றல்.

மூன்றும் பிடித்திருந்தாலும் பிஎச்.டி.க்கு ஒரு துறையில்தான் சேர வேண்டும்.

கணினித் துறையில் வேலைவாய்ப்பு அதிகம், வேகமும் அதிகம். ஆனால் அங்கே மனித மனம் வெறும் தரவாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. மாணவர் கற்றலைக் கணிக்க 2015-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஒரு நியூரல் நெட்வொர்க் முறை வந்தது. பழைய, எளிய மாதிரிகளைச் சற்றே திருத்தினால் அவையும் கிட்டத்தட்ட அதே அளவு கணிக்கும் என்று வேறொரு குழு மறு ஆண்டே காட்டியது.

அறிவாற்றல் அறிவியலுக்கு சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1986-இலேயே தனித்துறை தொடங்கியது. இந்தியாவில் ஐஐடி கான்பூர், ஐஐடி காந்திநகர், ஹைதராபாத் பல்கலைக்கழகம் இருக்கின்றன. சோதனை வடிவமைப்பை நன்றாகக் கற்கலாம். கணிதப் பயிற்சி இடத்துக்கு இடம் மாறும். பாடத்திட்டத்தில் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் உண்டா என்று பாருங்கள்.

உளஅளவியலுக்குப் பெரும்பாலும் வெளிநாடுதான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக உளவியலார் உருவாக்கிய ‘ரெக்கன்டுயின்’ என்ற கணிதப் பயிற்சித் தளத்தில், சதுரங்க வீரர்களுக்குத் தரப்புள்ளி தரும் ஈலோ முறையைத் தழுவியிருக்கிறார்கள். குழந்தை விடை சொல்லச் சொல்ல, குழந்தையின் புள்ளியும் கணக்கின் புள்ளியும் சேர்ந்தே மாறும். மூன்று துறையும் உண்மையாகக் கலந்த இடம் இது.

கணிதமோ பொறியியலோ படித்தவருக்கு என் பரிந்துரை உளஅளவியல்தான். நியூரல் நெட்வொர்க்கைப் பாடநூலும் நிரலும் வைத்துப் பின்னாலும் கற்கலாம். ஒரு தேர்வு உண்மையில் எதை அளக்கிறது என்று சந்தேகிக்கும் பழக்கம் நல்ல வழிகாட்டியிடம் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தால்தான் வரும். அந்தப் பழக்கம் நமக்கு அவசரமாகத் தேவை: ஜேஇஇ மெயினில் வெவ்வேறு வினாத்தாள் எழுதியவர்களைப் பர்சன்டைல் கொண்டுதான் ஒரே வரிசையில் நிறுத்துகிறோம். உளவியல் மட்டும் படித்தவர்கள் முதலில் புள்ளியியலில் ஒரு முதுகலை முடிப்பது நல்லது.

எந்தத் துறையானாலும், விண்ணப்பிக்கும் முன் வழிகாட்டியின் கடந்த மூன்றாண்டுக் கட்டுரைகளைப் படியுங்கள். இந்த மூன்று துறைகளில் குறைந்தது இரண்டு அவற்றில் தென்படாவிட்டால் வேறொருவரைத் தேடுங்கள்.