போலீஸ் வெரிஃபிகேஷன்: படிவத்தில் பேனா வைக்கும் முன்

1500 மீட்டர் ஓட்டம் ஓடி, கயிறு ஏறி, நீளம் தாண்டி, எழுத்துத் தேர்விலும் மார்க் வாங்கி, மெடிக்கலும் முடிந்த பிறகு வேலையைப் பறிகொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு படிவத்தில் ஒரு கேள்வி: "உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா, இருந்ததா?" அதற்கு "இல்லை" என்று எழுதியிருப்பார்கள். ஸ்டேஷன் பதிவேட்டில் "உண்டு" என்று இருக்கும். அதோடு முடிந்தது.

மேச்சேரி, பொட்டனேரி, நங்கவள்ளி, ஜலகண்டாபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒரு பிள்ளை எதற்காவது எழுதிப் போட்டிருக்கிறது. சீருடைப் பணியாளர் தேர்வு, அக்னிவீர், சிஐஎஸ்எஃப், ரயில்வே பாதுகாப்புப் படை என்று பட்டியல் நீளம். காமலாபுரம் விமான நிலையத்துக்குள் ஒப்பந்த வேலைக்குப் போகிறவருக்கும் நுழைவு அனுமதி அட்டைக்கு முன்னால் பின்னணி விசாரணை உண்டு. எந்த வேலையானாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் நிரப்பிய படிவம் மாவட்டக் காவல் அலுவலகம் வழியாக உள்ளூர் ஸ்டேஷனுக்கு வருகிறது. தனிப்பிரிவு ஏட்டு வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார், ரைட்டர் பதிவேட்டைப் பார்க்கிறார், மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்திலும் பெயரைத் தேடுகிறார்கள். இப்போது எஃப்.ஐ.ஆர். எல்லாம் கணினியில் ஏறிவிடுவதால், பிழைக்கப் போன இடத்தில் திருப்பூரிலோ பெங்களூரிலோ போட்ட வழக்கும் கண்ணில் படும்.

கீழே இருப்பதை அப்பா அம்மாவும் சேர்ந்து படியுங்கள். ஏனென்றால் தப்பான யோசனை பல வீடுகளில் பெரியவர்கள் வாயிலிருந்துதான் வருகிறது.

செய்ய வேண்டியவை

படிவம் கைக்கு வருவதற்கு முன்பே உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நிலையைப் பார்க்கலாம். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டது போன்ற சில வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் மேட்டூர் கோர்ட்டில் ஒரு வக்கீலை வைத்து வழக்கு எண்ணைத் தேடி, எஃப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை நகல், தீர்ப்பு நகல் மூன்றையும் சான்றிட்ட படியாக வாங்கி வையுங்கள்.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது சி.எஸ்.ஆர். அதில் உங்கள் பெயர் எதிர்த்தரப்பாக இருந்தால் மட்டும் அது வழக்கு ஆகாது. அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் அது எஃப்.ஐ.ஆர். ஆனதா இல்லையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். மத்திய அரசின் சான்றுறுதிப் படிவம் "தண்டிக்கப்பட்டாயா" என்று மட்டும் கேட்பதில்லை. கைது, வழக்கு, காவலில் வைத்தல், நன்னடத்தைப் பிணை, அபராதம், தேர்விலிருந்து பல்கலைக்கழகம் விலக்கியது, நிலுவையில் உள்ள வழக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. ஊரில் இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டு, ஆர்.டி.ஓ. முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்களே, அதுவும் இதில் அடங்கும். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய முகவரிகள், பதினைந்து வயதிலிருந்து படித்த பள்ளி, கல்லூரி எல்லாம் கேட்பார்கள். கோழிப் பண்ணையிலோ மில்லிலோ தங்கி வேலை பார்த்த காலத்தை விட்டுவிடாதீர்கள்.

இருப்பதை எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். 2016 ஜூலை 21 அன்று அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்த விஷயத்தில் இருந்த குழப்பத்தைத் தீர்த்து நெறிகளை வகுத்தது. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது என்பது முதல் நெறி. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும், அதை மன்னிக்க நியமன அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருந்தால்தான் மறைத்தார் என்று குற்றம் சாட்டலாம். கேட்காததைச் சொல்லவில்லை என்பதற்காக மறைத்ததாகச் சொல்ல முடியாது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்கிறது: உண்மையைச் சொல்லிவிட்டதால் மட்டும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே உண்மை வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் உண்மை எழுதியவருக்குப் பேச ஒரு வழக்கு மிஞ்சுகிறது. மறைத்தவர் கோர்ட்டுக்குப் போனால் முதல் கேள்வியே "ஏன் மறைத்தாய்" என்பதுதான்.

வழக்கில் தவறாகப் பெயர் சேர்த்திருந்தால் புலனாய்வு நடக்கும்போதே அசையுங்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மன் பண்டிகையில் ஊர்வலம் போகும்போது தள்ளுமுள்ளு. அடித்தது நாலு பேர், புகாரில் பெயர் பதினாலு. 294(பி), 323, 506(ii) என்று பழைய தண்டனைச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் ஒன்றாகவே வரும். 2024 ஜூலை 1 முதல் அவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3). அசிங்கமாகத் திட்டியது, அடித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. பையன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்பதற்குக் கம்பெனி வருகைப் பதிவோ டிக்கெட்டோ இருந்தால் அப்போதே ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். குற்றப்பத்திரிகையில் பெயர் நீங்கினால் அந்தத் தாள் பத்து வருடம் கழித்தும் உதவும். "எல்லாரோடயும் சேர்ந்து போய்க்கலாம்" என்று விட்டால், வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

படிவம் கொடுத்த பிறகு வழக்கு வந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவிக்க வேண்டும் என்று படிவத்தின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், பலர் அதைப் படிப்பதில்லை.

பதினெட்டு வயதுக்கு முன் நடந்ததானால் வக்கீலைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு, சிறுவர் செய்த குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது. கொடுங்குற்றத்தில் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

செய்யக்கூடாதவை

"ஐநூறு ரூபா ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுது" என்ற பேச்சை நம்பக் கூடாது. சூதாட்டம், குடித்துவிட்டு ரகளை, இப்படி ஒரு பெட்டி கேஸ். கோர்ட்டில் நிறுத்தி, "ஒத்துக்கிறியா?" என்று கேட்டால் தலையாட்டிவிட்டு, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். சட்டப்படி அது தண்டனை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் என்றுதான் பதிவேடு சொல்லும். அரசு வேலைக்கு எழுதுகிற பிள்ளை தலையாட்டும் முன் ஒரு நாள் அவகாசம் கேட்டு வக்கீலைப் பார்க்க வேண்டும்.

சாட்சியைப் பிறழ வைத்து வழக்கை உடைத்துவிடலாம் என்று கணக்குப் போடக் கூடாது. கிராமத்தில் இதுதான் வழக்கமான சமாதானம்: பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, புகார் கொடுத்தவர் கோர்ட்டில் "எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்று சொல்லிவிட, வழக்கு விடுதலையில் முடியும். தமிழ்நாடு காவல்துறைச் சார்நிலைப் பணி விதிகள் இதைத்தான் குறிவைத்து எழுதப்பட்டிருக்கின்றன. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்பது விதியின் விளக்கம். 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் மணிகண்டன் வழக்கில் இதை ஏற்றது. வெரிஃபிகேஷன் சமயத்தில் நிலுவையில் இருந்த வழக்கில் பிற்பாடு கௌரவமான விடுதலை கிடைத்தாலும், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும். இந்த விதி கடுமையானது, பொய்ப் புகாரில் சிக்கியவனையும் சேர்த்து அடிக்கிறது என்பது என் கருத்து. விதி மாறும் வரை அதைத் தெரிந்து நடப்பதே பாதுகாப்பு.

பணம் கொடுத்து அறிக்கையை "நல்லபடியா" எழுதச் சொல்லக் கூடாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குத்தான் பாதுகாப்பு. வேலைக்குப் போகும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கில் பெயர் ஏறுவதைவிடக் கேடு வேறில்லை.

பிரவுசிங் சென்டர் கணினியில் ஆதார், சாதிச் சான்று, மார்க் ஷீட், அம்மாவின் வங்கிப் புத்தகம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. வேலை முடிந்ததும் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதையும். பாதுகாப்பு விசாரணைக்குச் சேர்க்கிற தகவல் எவ்வளவு கனமானது என்று அமெரிக்கா 2015-ல் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே ரகசியப் பணிக்கு அனுமதி கேட்பவர் நூறு பக்கத்துக்கு மேல் வரும் எஸ்.எஃப்.-86 என்ற படிவத்தில் உறவு, கடன், மனநலம், பழைய முகவரி எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தகவல்களை வைத்திருந்த அரசு அலுவலகத்தின் கணினிகளுக்குள் புகுந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் 56 லட்சம் பேரின் கைரேகையும் போயிற்று. பாஸ்வேர்டை மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது.

"உங்கள் வெரிஃபிகேஷன் நிலுவையில் உள்ளது, இந்த லிங்க்கில் பணம் கட்டுங்கள்" என்று வரும் குறுஞ்செய்தியைத் தொடக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் விசாரிக்க வரும்போது

சான்று சொல்ல ஊரில் இரண்டு பெயர் கொடுப்பீர்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிவிட்டுப் பெயரை எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தெரிந்ததைச் சொன்னால் போதும். "எனக்குத் தெரியலீங்க" என்பது நேர்மையான பதில். வரப்புத் தகராறையும் கல்யாணத்தில் மொய் எழுதாத கோபத்தையும் அந்த நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு குடும்பத்தின் பத்து வருட உழைப்பில் மண் போடுகிற வேலை. மாடு விற்று கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டிய வீடுகள் நம் பக்கத்தில் எத்தனையோ இருக்கின்றன.

விசாரிக்க வரும் ஏட்டய்யாவுக்கும் ஒரு வார்த்தை, மரியாதையோடு. பையன் எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனான், எந்தச் சங்கத்தில் இருக்கிறான், எந்தச் சாதிப் பெண்ணைக் கட்டினான் என்பதெல்லாம் குற்றப் பின்னணியில் சேராது. மத்தியப் பிரதேசத்தில் ராமசங்கர் ரகுவன்ஷி என்ற ஆசிரியரை, ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கம் நடவடிக்கைகளில் கலந்துகொண்டார் என்ற போலீஸ் அறிக்கையை வைத்து வேலையிலிருந்து எடுத்தார்கள். 1983-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த நீக்கம் செல்லாது என்றார். சட்டம் தடை செய்யாத அரசியல் கருத்துக்காக ஒருவரின் அரசு வேலையைப் பறிப்பது அரசியல் சட்டத்தின் 14, 16-வது பிரிவுகளுக்கு எதிரானது என்பது தீர்ப்பின் சாரம். இடதுசாரிக்கும் திராவிட இயக்கத்தாருக்கும் அம்பேத்கரியருக்கும் அதே சட்டம்தான்.

2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசின் அமைப்புகளுக்கு விலக்களிக்கத் தாராளமாகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எனவே ஸ்டேஷனிலும் அலுவலகத்திலும் கையாளுகிறவரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. விசாரணை விவரத்தை டீக்கடையில் பேசாதீர்கள். படிவத்தைப் படமெடுத்துச் சொந்த செல்போனில் வைக்காதீர்கள். பெண் பிள்ளை விண்ணப்பித்திருந்தால் அவள் எண் உங்கள் கையில் இருப்பது விசாரணைக்கு மட்டும்.

வேலை மறுக்கப்பட்டால் வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், உத்தரவு நகலை வாங்குங்கள், காலம் கடத்தாமல் உயர் நீதிமன்றத்தை நாடுங்கள். வசதி இல்லாதவர்களுக்கு மேட்டூரிலும் சேலத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

அடுத்த தேர்வு அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் பெயரில் வழக்கு உண்டா என்று பார்த்துவிடுங்கள்.